ஒரே செட்டிங், ஒரே புடவை: ஒரு படம் பளிச், அடுத்தது இருட்டு. கோளாறு எங்கே?

புடவைப்படம்:

வணக்கம். ஆன்லைனில் விற்பதற்காகப் புடவைகளைப் பொம்மைக்குக் கட்டிவைத்துப் படம் எடுக்கிறேன். கேமராவும் பொம்மையும் வைத்த இடத்திலேயேதான் இருக்கின்றன. ஆனாலும் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறுகிறது.

கேமரா 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர், செகண்ட் ஹேண்ட். லென்ஸ் இரண்டு: 50 எம்எம் எஃப்/1.8, 18-55 கிட் லென்ஸ். கம்பெனி பெயரை வேண்டுமென்றே போடவில்லை, போட்டால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. 20 வாட் எல்இடி ட்யூப் நான்கு எரிகிறது. கேமராவுக்குப் பின்னால் ஒரு ஜன்னல்.

1. அபெர்ச்சர் ப்ரையாரிட்டி (ஷட்டர் வேகத்தைக் கேமராவே முடிவு செய்யும்), எஃப்/8, ஐஎஸ்ஓ 400, ட்ரைபாட், ரிமோட். ஒரே புடவைக்கு ஒரு தடவை ஷட்டர் 1/8 என்கிறது, அடுத்த தடவை 1/20 என்கிறது. சந்தன நிறப் புடவை அழுக்குப் பிடித்த மாதிரி வருகிறது. கறுப்பும் அரக்கும் வெளுத்துப்போகின்றன.

2. சரி என்று மேனுவலுக்குப் போனேன். 1/200, எஃப்/4, ஐஎஸ்ஓ 1600. அப்படியும் ஐந்தாறு படத்துக்கு ஒன்றிரண்டு இருட்டு. அந்தப் படங்களில் நிறமும் கொஞ்சம் மஞ்சளடிக்கிறது. லென்ஸை மாற்றினாலும் இதேதான்.

3. வாசலில் வெயிலில் வைத்து 1/500, எஃப்/8, ஐஎஸ்ஓ 100, 50 எம்எம். இங்கே தலைகீழ்: பத்துக்கு ஒன்று கண் கூசுகிற அளவுக்கு வெளிச்சம்.

எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பூஜ்யம். ஆட்டோ ஐஎஸ்ஓ ஆஃப். பேட்டரி, கார்டு மாற்றியாயிற்று. கேமராவை ரீசெட் செய்தும் பார்த்தாயிற்று. வேறு என்ன சோதிக்க வேண்டும்?

டக்கர்க்ளிக்:

ஷட்டர் போயிடுச்சு பாஸ். செகண்ட் ஹேண்ட்னா அப்படித்தான். சர்வீஸ்ல கொடுத்து மாத்திடுங்க.

சாம்பல்அட்டை:

ஷட்டர் பக்கம் அவசரப்பட்டுப் போக வேண்டாம். நீங்கள் எழுதியதில் எனக்கு மூன்று தனித்தனிச் சிக்கல்கள் தெரிகின்றன. மூன்றையும் ஒரே நோயாகப் பார்ப்பதால்தான் பிடிபட மாட்டேன் என்கிறது.

பிரிப்பதற்கு வழி எக்ஸிஃப், அதாவது படத்தோடு சேர்ந்து பதிவாகும் கேமரா விவரம். பளிச்சென்ற படம் ஒன்று, இருட்டுப் படம் ஒன்று, இரண்டிலும் ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ எண்களைப் பாருங்கள். எண் மாறியிருந்தால் மீட்டர் (கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் பகுதி) வேறு முடிவு எடுத்திருக்கிறது. எண் அப்படியே இருந்து வெளிச்சம் மட்டும் மாறியிருந்தால் மீட்டரை விட்டுவிட்டு விளக்கு, அபெர்ச்சர் இதழ் (லென்ஸ் துவாரத்தைச் சுருக்கும் தகடுகள்; எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சின்னதாகும்), ஷட்டர் என்று தேட வேண்டும். எக்ஸிஃபில் பதிவாவது கேமரா இட்ட கட்டளைதான். எஃப்/8 என்று எழுதியிருப்பதால் இதழ் அந்த அளவுக்கு மூடியது என்று அர்த்தமில்லை. அதை அளந்து பார்க்க லென்ஸுக்குள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

இதில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. கேனனில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங், சோனியில் டிஆர்ஓ. இவை ஜேபெக் படத்தின் நிழல்களைத் தாமாகவே தூக்கிவிடும். அதனால் எக்ஸிஃப் எண் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு ஜேபெக் இரண்டு விதமாக வரும். நீங்கள் ரீசெட் செய்திருக்கிறீர்கள். முன்பு அணைத்திருந்தாலும் பல மாடல்களில் அது திரும்ப ஆன் ஆகியிருக்கும். முதலில் அதை ஆஃப் செய்யுங்கள். சோதனைக்கு ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலப் படம்) எடுத்தால் இந்தச் சந்தேகமே வராது.

இப்போது உங்கள் முதல் சிக்கல். 1/8, 1/20 என்று எண்ணே மாறுகிறது, ஆகவே மீட்டர். இதற்குள் இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, புடவையின் நிறம். எதிரில் இருப்பது சந்தனமா கறுப்பா என்று மீட்டருக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை, சந்தனம் ஃப்ரேமை நிறைத்தால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 முதல் +1⅔ ஸ்டாப் வரை கூட்ட வேண்டியிருக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). கறுப்புக்கு அதே அளவு குறைக்க வேண்டும். பட்டில் இன்னொரு தொல்லை, சரிகை. எவல்யுவேட்டிவ், மேட்ரிக்ஸ் மீட்டரிங் (ஃப்ரேம் முழுவதையும் அளக்கும் முறை) பல கேமராக்களில் ஃபோகஸ் புள்ளி இருக்கும் இடத்துக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கும். புள்ளி சரிகைக் கரையில் விழுந்தால் படம் இருளும், புடவையின் உடல் பகுதியில் விழுந்தால் தெளியும். ஆட்டோ ஏரியா ஃபோகஸ் என்றால் புள்ளி எங்கே போய் உட்காரும் என்பது அதன் இஷ்டம்.

இரண்டாவதுதான் உங்கள் அறைக்கே உரியது. டிஎஸ்எல்ஆரில் மீட்டரிங் சென்சார் வ்யூஃபைண்டர் பகுதியில், கண் வைக்கும் துவாரத்துக்கு அருகில் இருக்கிறது. கண்ணை வைத்துப் பார்க்கும்போது முகமே அந்தத் துவாரத்தை மூடிவிடும். நீங்களோ ட்ரைபாடில் வைத்து ரிமோட்டில் அழுத்துகிறீர்கள், பின்னால் ஜன்னல் வேறு. அந்த வெளிச்சம் துவாரம் வழியாக உள்ளே போய் மீட்டரில் விழுகிறது. வெளிச்சம் நிறைய இருக்கிறது என்று நினைத்து அது ஷட்டரை வேகமாக்கும், படம் இருட்டாகும். மேகம் மறைத்தாலும், ஜன்னலை மறித்துக்கொண்டு ஒருவர் நின்றாலும் கணக்கு மாறும். சோதிக்க அரை நிமிடம் போதும்: ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி எண்ணைப் பாருங்கள், துவாரத்தைக் கையால் பொத்தி மறுபடியும் பாருங்கள். எண் நகர்ந்தால் இதுதான். சில கம்பெனிகள் இதற்காகவே ஒரு சின்ன ரப்பர் மூடியைக் கழுத்துப் பட்டையில் கோத்துத் தருகின்றன. பலர் அது எதற்கு என்று தெரியாமலே வைத்திருப்பார்கள். அது இல்லையென்றால் கறுப்புத் துணி போதும். லைவ் வ்யூவிலும் (பின்திரையில் பார்த்து எடுப்பது) மிரர்லெஸ் கேமராவிலும் இந்தப் பிரச்சினை கிடையாது, அங்கே மீட்டர் வேலையைப் படம் பிடிக்கும் சென்சாரே பார்த்துக்கொள்கிறது.

நூறுஹெர்ட்ஸ்:

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். மேனுவல், எண் நிலையாக இருக்கிறது, லென்ஸ் மாற்றியும் போகவில்லை, இருட்டுப் படங்களில் நிறமும் மாறுகிறது. நிறம் மாறுவதுதான் துப்பு. இதழோ ஷட்டரோ கெட்டால் வெளிச்சம் மாறும், நிறம் மாறாது. உங்கள் ட்யூப்லைட் துடிக்கிறது.

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு ஒரு விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும், ஒரு துடிப்பு 1/100 விநாடி. நீங்கள் வைத்த 1/200 சரியாகப் பாதித் துடிப்பு. ஷட்டர் திறந்த நேரம் உச்சத்தில் விழுந்தால் பளிச், பள்ளத்தில் விழுந்தால் இருட்டு. ஒவ்வொரு துடிப்புக்கு நடுவிலும் அறவே மங்கிவிடும் மோசமான விளக்கு என்றால் இந்த இரண்டுக்கும் நடுவே இரண்டு ஸ்டாப்புக்குச் சற்று மேலேகூட வித்தியாசம் வரும். நல்ல ட்ரைவர் உள்ள எல்இடியில் துடிப்பு அவ்வளவாகத் தெரியாது. மலிவான ட்யூப்பில் கண்டன்சரைச் சின்னதாகப் போட்டிருப்பார்கள், அங்கேதான் வினை. சோக் வைத்த பழைய ட்யூப்லைட்டும் இதே ரகம்.

உறுதி செய்ய: போனில் ஸ்லோமோஷன் 240 ஃப்ரேமில் விளக்கை வீடியோ எடுங்கள். மினுக்மினுக் என்று அடித்தால் சந்தேகமே வேண்டாம். கேமராவிலேயே பார்க்க வேண்டுமானால் வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து, மேனுவலில் 1/500, தொடர்ச்சியாக இருபது படம். பிறகு ஐஎஸ்ஓவைக் குறைத்து 1/100-இல் இருபது. முதல் வரிசை அலைபாய்ந்து இரண்டாவது வரிசை ஒரே சீராக வந்தால் விளக்கேதான்.

தீர்வு: 1/100, 1/50, 1/25, 1/10. எல்லாமே முழுத் துடிப்புகளை அடக்கிக்கொள்ளும் நேரங்கள். 1/125 பரவாயில்லை ரகம், கொஞ்சம் அலையும். 1/60-உம் நமக்குச் சரியான எண் இல்லை. அமெரிக்கா, கனடா, சவூதியில் இருந்து படிப்பவர்களுக்கு 60 ஹெர்ட்ஸ். அங்கே 1/120, 1/60, 1/30. கேமராவில் 1/120 இல்லாததால் 1/125 வைத்துக்கொள்ளலாம். இலங்கையும் சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைப் போலவே 50.

மெனுவில் இருக்கும் ஃப்ளிக்கர் ரிடக்‌ஷனை நம்பிக் காலம் போக்காதீர்கள். பல ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களில் "50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ்" என்று கேட்கும் அமைப்பு லைவ் வ்யூவுக்கும் வீடியோவுக்கும் மட்டுமே. ஸ்டில் படத்தில் அது ஒன்றும் செய்யாது. விளக்கின் உச்சத்துக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும் ஆன்ட்டி-ஃப்ளிக்கர் வேறு. கேனனில் அது 2014-இல் 7டி மார்க் 2-இல் வந்தது, பிறகு மற்ற மாடல்களுக்கும் பரவியது.

ஒயிட் பேலன்ஸையும் (விளக்குக்கு ஏற்ப நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பு) ஆட்டோவில் விடாதீர்கள். துடிப்பால் மாறும் நிறம் போதாதென்று அதுவும் சேர்ந்து இழுக்கும்.

புடவைப்படம்:

எல்லாவற்றையும் சோதித்தேன். முடிவுகள்:

வ்யூஃபைண்டரைப் பொத்தினால் 1/8, கையை எடுத்தால் 1/15, 1/20. ஜன்னல் திரையை மூடினால் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை.

சுவர்: 1/500-இல் படு மோசம், சில படங்களில் மேலும் கீழும் வேறு வெளிச்சம். 1/100-இல் இருபதும் ஒன்றுபோல. போன் வீடியோவில் நான்கு ட்யூப்பில் இரண்டு மட்டும் மினுக்குகின்றன.

ஆனால் வெயில் சிக்கல் அப்படியே இருக்கிறது. அங்கே ட்யூப்லைட் இல்லை, வ்யூஃபைண்டரும் மேனுவலில் பொருட்டில்லை. அப்படியானால் டக்கர்க்ளிக் சொன்னது போல ஷட்டரா?

திருப்புளி:

மினுக்குகிற இரண்டு ட்யூப்பை மாற்றிவிடுங்கள், அது முதல் வேலை.

வெயில் விஷயத்துக்கு ஷட்டரையும் இதழையும் ஒரே சோதனையில் பிரிக்கலாம். நேர் வெயில் வேண்டாம், எஃப்/1.8-இல் உங்கள் கேமராவின் ஷட்டர் வேகம் போதாது. மேகமில்லாத நாளில் நிழல் விழும் சுவர், ஐஎஸ்ஓ 100, மேனுவல், மேனுவல் ஃபோகஸ், ட்ரைபாட்.

முதல் வரிசை: எஃப்/1.8, 1/1000, இருபது படம்.
இரண்டாம் வரிசை: எஃப்/8, 1/50, இருபது படம்.

1.8-இலிருந்து 8 வரை 4⅓ ஸ்டாப், 1/1000-இலிருந்து 1/50-உம் அதே 4⅓. ஆகவே இரண்டு வரிசையும் ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். எஃப்/1.8-இல் இதழ் அசையவே அசையாது, வேலையெல்லாம் ஷட்டருடையது. எஃப்/8, 1/50-இல் ஷட்டருக்கு வேலை லேசு, இதழ்தான் ஓட வேண்டும். எந்த வரிசை ஆடுகிறதோ அங்கே குற்றவாளி. கண்ணால் மதிப்பிட வேண்டாம். கிம்ப் மாதிரிப் படம் திருத்தும் மென்பொருள் ஒன்றில் திறந்து, நடுவில் ஒரே இடத்தில் கலர் பிக்கரை வைத்து வெளிச்ச எண்ணை (0 முதல் 255 வரை) குறித்துக்கொள்ளுங்கள். அதே இரண்டு வரிசையைக் கிட் லென்ஸிலும் எடுங்கள், அதன் முழுத் திறப்பிலும் எஃப்/11-இலும். பாடியா லென்ஸா என்பது அதில் தெரிந்துவிடும்.

ஷட்டர் தேய்ந்தால் வேறு மாதிரி அடையாளம் காட்டும். 1/1000-க்கு மேல் ஷட்டரின் இரண்டு திரைகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய கீற்றுத்தான் சென்சார் மேல் ஓடுகிறது. திரைகளின் வேகம் பிசகினால் படத்தின் மேலோ கீழோ பட்டையாக இருளும், அல்லது ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வெளிச்சம் சரியும். 1/50-இல் அந்தப் பிசகு தெரியவே தெரியாது. படம் முழுக்க ஒரே சீராகக் கூடுதல் வெளிச்சம் என்பது இதழின் கையெழுத்து.

புடவைப்படம்:

50 எம்எம், எஃப்/1.8: இருபது படமும் 117 முதல் 120-க்குள்.
50 எம்எம், எஃப்/8: பதினேழு படம் 116 முதல் 120. மீதி மூன்று 149, 166, 171. மிக மோசமான 171 வரிசையின் முதல் படம்.
கிட் லென்ஸ் இரண்டு வரிசையும் சுத்தம்.

திருப்புளி:

ஷட்டர் நலம், பாடி நலம். 50 எம்எம்மின் இதழ் ஒட்டுகிறது. 118-இலிருந்து 166 என்றால் ஏறக்குறைய ஒரு ஸ்டாப். கேமரா எஃப்/8 கேட்டபோது இதழ் எஃப்/5.6 அளவில் இருக்கும்போதே ஷட்டர் திறந்துவிட்டது. கொஞ்ச நேரம் சும்மா இருந்து எடுத்த முதல் படம் மோசம் என்பதும் பொருந்துகிறது. எண்ணெய் பிசுக்குப் பிடித்த இதழ் முதல் அசைவுக்குத்தான் அதிகம் முரண்டு பிடிக்கும்.

லென்ஸைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். ஓரத்தில் ஒரு சின்ன உலோக நெம்புகோல் நீட்டிக்கொண்டிருக்கிறதா? 1959-இல் வந்த நிக்கான் எஃப் மவுண்டில் பெரும்பாலான லென்ஸ்களுக்கு அப்படி இருக்கும் (பின்னால் வந்த இ வகை லென்ஸ்களில் இல்லை). 1987-இல் வந்த கேனன் இஎஃப்பில் நெம்புகோலே கிடையாது, லென்ஸுக்குள் இருக்கும் மோட்டார் இதழை ஓட்டும்.

நெம்புகோல் இருந்தால்: விரல் நகத்தால் மெதுவாகத் தள்ளினால் இதழ் முழுக்கத் திறக்கும். பட்டென்று விடுங்கள். "டிக்" என்று ஒரே வீச்சில் மூட வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்து மூடினாலோ, பாதியில் தயங்கினாலோ எண்ணெய். டார்ச்சைச் சாய்வாக அடித்தால் இதழ்களின் மேல் ஈரப் பளபளப்புத் தெரியும். காய்ந்த இதழ் மங்கலான கறுப்பாக இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து தடவை தள்ளிவிட்டால் தற்காலிகமாகச் சுறுசுறுப்பாகிவிடும். அதைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று நம்ப வேண்டாம், ஒரு நாள் வைத்துவிட்டுப் பாருங்கள்.

நெம்புகோல் இல்லாவிட்டால்: எஃப்/8 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்ட் ப்ரிவ்யூ பட்டனை (படம் எடுக்காமலே இதழை மூடிக் காட்டும்) அழுத்தி, லென்ஸின் முன்பக்கமாகப் பாருங்கள். இதழ் துவாரம் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக, ஒரே வேகத்தில் சுருங்க வேண்டும். இந்த ரகத்தில் லென்ஸின் பின்புறத் தொடுமுனைகள் அழுக்கானாலும் கட்டளை சரியாகப் போகாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து நன்றாகப் பிழிந்த, நூல் பிரியாத துணியால் துடைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். உங்கள் விஷயத்தில் கிட் லென்ஸ் சுத்தமாக இருப்பதால் பாடி பக்கம் கை வைக்கத் தேவையில்லை.

நெம்புகோல் வளைந்திருந்தாலும் வெளிச்சம் தப்பும், ஆனால் அது எல்லாப் படத்திலும் ஒரே அளவாகத் தப்பும். உங்களுக்கு இருபதில் மூன்று. அதனால் வளைவு இல்லை. யார் சொன்னாலும் இடுக்கி போட்டு நிமிர்த்தப் போகாதீர்கள்.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்றால், ஃபோகஸ் வளையத்துக்குள் இருக்கும் கிரீஸ் சூட்டில் இளகிக் கசிந்து இதழ்களுக்கு வந்து சேர்கிறது. வெயிலில் நிற்கும் காரில் பையோடு விட்டுப் போவது இதற்கு நல்ல ஏற்பாடு. சுத்தம் செய்ய இதழ்களைத் தனியாகக் கழற்றி, நாஃப்தாவில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் எதுவும் போடாமல் திரும்பப் பூட்ட வேண்டும். கழற்றாமல் மேலிருந்து லைட்டர் திரவத்தைச் சொட்டவிடும் வீடியோக்கள் சுற்றுகின்றன. அப்படிச் செய்தால் எண்ணெய் கரைந்து இன்னும் பரவும், கண்ணாடியிலும் படியும், சில வாரத்தில் ஒட்டல் திரும்ப வரும். டபிள்யூடி-40 பக்கமே போகாதீர்கள்.

சாதாரண 50 எம்எம் 1.8-க்கு இந்த வேலை பார்க்கும் கூலியையும் பழைய லென்ஸ் இன்னொன்றின் விலையையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பல சமயம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இன்னொன்று வாங்கினால் கடையிலேயே அந்த "டிக்" சோதனையைச் செய்து பார்த்து வாங்குங்கள். இருக்கிற லென்ஸையும் தூக்கிப் போட வேண்டியதில்லை, எஃப்/1.8-இல் அது பழுதில்லாத லென்ஸ்தான்.

டக்கர்க்ளிக்:

ஷட்டர் வாக்கு வாபஸ்.

சாம்பல்அட்டை:

அதுவரை வேலை நிற்க வேண்டாம். பொம்மை அசையப் போவதில்லை, ஆகவே 1/200-உம் ஐஎஸ்ஓ 1600-உம் தேவையே இல்லை. கிட் லென்ஸை 50 எம்எம்மில் வைத்து, மேனுவல், எஃப்/8, 1/10, ஐஎஸ்ஓ 400, ட்ரைபாட், ரிமோட். 1/10-இல் பத்துத் துடிப்பு முழுதாக அடங்கிவிடும். ஜன்னல் திரையை மூடி ட்யூப் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். இரண்டும் கலந்தால் புடவையின் ஒரு பக்கம் நீலம் அடிக்கும். ஆளே கட்டிக்கொண்டு நின்றால் 1/100, எஃப்/4, ஐஎஸ்ஓ 800. இதற்குக் கிட் லென்ஸை விரிகோணப் பக்கம் கொண்டுபோக வேண்டும், 50-இல் அது எஃப்/4 திறக்காது. 50-இலேயே வேண்டுமென்றால் எஃப்/5.6, ஐஎஸ்ஓ 1600.

1/10 என்பது தொடக்கம்தான். 18 சதவீதச் சாம்பல் அட்டையைப் பொம்மையின் நெஞ்சருகே பிடித்து ஒரு படம் எடுத்து, கலர் பிக்கரில் அட்டை 118 பக்கம் வரும்வரை ஐஎஸ்ஓவை மூன்றில் ஒரு ஸ்டாப்பாக நகர்த்துங்கள், ஷட்டரைத் தொடாதீர்கள். அதே அட்டையில் கஸ்டம் ஒயிட் பேலன்ஸும் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு அன்றைக்குள்ள எல்லாப் புடவைக்கும் அதே எண்கள்தான்.

சந்தனப் புடவைக்கு ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலப்பக்கம் சாயும். கறுப்புப் புடவைக்கு இடது சுவரை ஒட்டிக்கொண்டு நிற்கும், மீட்டர் குறி குறைவு என்று மினுக்கும். அதைப் பார்த்து எதையும் திருகிவிடாதீர்கள். சரிகையில் அங்கங்கே வெள்ளைப் பொட்டு வெடித்தாலும் விட்டுவிடலாம், ஜரிகை மின்னுவது அப்படித்தான் இருக்கும்.